பத்துச் சதத்தில் தொடங்கிய வங்கியும் எங்கள் மாதச் சீட்டும்

மொன்றியலில் வாழும் எமது குடும்பம் ஒன்றிடம் “உங்களுடைய வங்கி எது?” என்று கேட்டுப் பாருங்கள். வீதி மூலையில் இருக்கும் ஒரு கட்டடத்தின் பெயர் பதிலாக வரும். “அவசரத்துக்குக் காசு எங்கே எடுப்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மனிதரின் பெயர் வரும். சீட்டுப் பிடிக்கும் அண்ணர், மேல்மாடி அக்கா, ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், ஒன்றாக வேலை செய்யும் ஊர்க்காரர். கட்டடத்தை நம்பி நாம் சம்பளத்தைப் போடுகிறோம். கடன் வாங்குவதோ மனிதரை நம்பி.

இதில் வெட்கப்பட எதுவுமில்லை. வந்த புதிதில் எமக்கு இந்த நாட்டில் கடன் வரலாறு கிடையாது. வேலை நிரந்தரமில்லை. அகதி வழக்கு முடியவில்லை. வங்கியில் கடன் கேட்டால் “ஆறு மாதம் கழித்து வாருங்கள்” என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். தேவைகள் ஆறு மாதம் பொறுப்பதில்லை. பயண முகவருக்குக் கொடுத்த காசின் வட்டி ஊரில் ஏறிக்கொண்டிருக்கும். காணி ஈட்டில் இருக்கும். அம்மாவின் தாலிக்கொடி அடைவில் இருக்கும். இங்கே முதல் மாத வாடகையும் பிள்ளைகளின் குளிர் உடுப்பும் ஒன்றாக வந்து நிற்கும். கையில் வருவது குறைந்தபட்சச் சம்பளம்.

ஏழைக்குச் சிறு கடன் கொடுத்தால் அவன் எழுந்து நிற்பான் என்று உலகமெங்கும் சொல்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை என்பது நாம் கண்டதும் படித்ததும். சிறு கடன் குடும்பத்தைத் தூக்கியும் விட்டிருக்கிறது, அழித்தும் இருக்கிறது. வித்தியாசம் தொகையில் இல்லை. அந்தக் காசு யாருடையது, கணக்கை யார் பார்க்கிறார்கள், வட்டியின் இலாபம் யாருக்குப் போகிறது என்பதில்தான் இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள நாம் வெகுதூரம் போகத் தேவையில்லை. நாம் இப்போது வாழும் கியூபெக் மாகாணத்திலேயே கதை இருக்கிறது.

150 டொலருக்கு 5,000 டொலர் வட்டி

கியூபெக்கில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பச்சை நிறப் பலகையுடன் டெஜார்டான் நிறுவனத்தின் “கேஸ் பொப்புலேர்” ஒன்றைக் காணலாம். “கேஸ்” என்றால் காசுப் பெட்டி. “பொப்புலேர்” என்றால் மக்களுடையது. மக்களின் காசுப் பெட்டி. எம்மில் பலர் அதையும் மற்ற வங்கிகளைப் போல ஒன்று என்றே நினைத்துவிடுகிறோம்.

அல்போன்ஸ் டெஜார்டான் என்பவர் ஒட்டாவாவில் கனடிய நாடாளுமன்றத்தில் உரைகளைச் சுருக்கெழுத்தில் எழுதும் வேலை பார்த்தவர். பெரிய செல்வந்தர் அல்லர். 1897ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உறுப்பினர் ஒருவர் அநியாய வட்டியைப் பற்றிப் பேசினார். மொன்றியலில் 150 டொலர் கடன் வாங்கிய ஒருவருக்கு 5,000 டொலர் வட்டி கட்டும்படி தீர்ப்பாகியிருந்தது. அந்தப் பேச்சை எழுதிக்கொண்டிருந்த டெஜார்டானின் மனதில் அது தைத்துவிட்டது. அந்தக் காலத்து வங்கிகள் கமக்காரனையும் தொழிலாளியையும் உள்ளே விடுவதில்லை. வட்டிக்காரன்தான் அவர்களுக்கு வங்கி.

அடுத்த மூன்று வருடங்கள் அவர் ஐரோப்பாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்களை நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதி விபரம் கேட்டார். 1900ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆம் திகதி, கியூபெக் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள லெவி என்ற தமது ஊரில் முதலாவது சங்கத்தை ஆரம்பித்தார். 1901 ஜனவரி 23ஆம் திகதி முதன்முதலாகக் காசு ஏற்றுக்கொண்டார்கள். முதலாவதாக வந்த தொகை பத்துச் சதம். அன்று முழுவதும் சேர்ந்தது 26 டொலர் 40 சதம்.

ஒரு பங்கின் விலை 5 டொலர். அதையும் ஒரேயடியாகக் கட்டத் தேவையில்லை, கிழமைக்குப் பத்துச் சதமாகக் கட்டலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். உறுப்பினருக்குத்தான் கடன். எதற்குக் கடன் என்று கேட்பார்கள். கொடுப்பதா இல்லையா என்று தீர்மானித்தவர்கள் அதே ஊர்க்காரர். அவர்களுக்குச் சம்பளமில்லை. கடன் கேட்பவர் நாணயமானவரா என்பது அவர்களுக்குத் தெரியும். நிலமோ நகையோ இல்லாதவனுக்கு அவனுடைய நாணயமே ஈடாக இருந்தது.

அல்போன்ஸ் நாடாளுமன்றக் காலத்தில் ஒட்டாவாவில் இருக்க, லெவியில் கணக்குகளைப் பார்த்தவர் மனைவி டொரிமேன். 1906ஆம் ஆண்டில்தான் கியூபெக் சட்டசபை இத்தகைய சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. அதுவரையில் சங்கம் விழுந்தால் இவர்கள் குடும்பமும் விழுந்திருக்கும். வீட்டில் பெண் கணக்குப் பார்த்ததால்தான் இந்த இயக்கம் தப்பியது என்று சொன்னால் மிகையாகாது. டெஜார்டான் 1920இல் இறந்தபோது கியூபெக்கில் நூற்றெண்பதுக்கு மேற்பட்ட சங்கங்கள் இயங்கின. இன்று அது வட அமெரிக்காவின் மிகப் பெரிய கூட்டுறவு நிதிக் குழுமம். பெரிதாக வளர்ந்த பிறகு கிளைகளை மூடுகிறார்கள் என்ற குறை மக்களிடம் உண்டு. என்றாலும் உறுப்பினர் பங்கு இன்றும் 5 டொலர்தான். ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் கை உயர்த்தும் உரிமை அந்த 5 டொலருக்குள் இருக்கிறது. அங்கே கணக்கு வைத்திருக்கும் எமது மக்களில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்குப் போகிறோம்?

அவர்களும் ஒரு காலத்தில் புலம்பெயர்ந்தவர்களே

இந்தக் கதையில் எம்மைப் போன்ற தொழிற்சாலைத் தொழிலாளருக்கு ஒரு தனிப் பக்கம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கியூபெக்கில் காணி போதாமல், கடனில் அமிழ்ந்த பல இலட்சம் பிரெஞ்சுக்காரர் எல்லை தாண்டி அமெரிக்காவின் நெசவாலைகளுக்கு வேலை தேடிப் போனார்கள். மொழி தெரியாத ஊர். நீண்ட வேலை நேரம். குறைந்த கூலி. பெண்களும் பிள்ளைகளும் ஆலையில் நின்றார்கள். அப்படியொரு ஆலை நகரமான நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டரில், 1908ஆம் ஆண்டு தேவாலயப் பங்குமக்கள் ஒன்று சேர்ந்து டெஜார்டானின் உதவியுடன் ஒரு காசுப் பெட்டியைத் தொடங்கினார்கள். அதுதான் அமெரிக்காவின் முதலாவது கடன் கூட்டுறவுச் சங்கம். சென் மேரிஸ் வங்கி என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது.

ஆகவே கூட்டாகச் சேமித்து எழும்புவது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு அல்ல. கூலிக்காரரும் குடியேறியவர்களும் வேறு வழியின்றிக் கண்டுபிடித்த வழி அது.

எங்கள் ஊரிலும் இருந்தது

இதெல்லாம் வெள்ளைக்காரனின் கெட்டித்தனம் என்று எண்ணிவிட வேண்டாம். இலங்கையில் 1911ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் எமது பாட்டன்மார் அவற்றை “ஐக்கிய நாணய சங்கம்” என்று அழைத்தார்கள். நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். பெயர் வைத்தவர்கள் இரண்டையும் மனதில் வைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். பின்னாளில் அவை சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் ஆயின. எம்மில் பலர் சிறுவயதில் கூப்பன் கொண்டு சென்று அரிசியும் சீனியும் வாங்கிய “சங்கக்கடை” இந்தக் கூட்டுறவு இயக்கத்தின் இன்னொரு கிளை. யாழ்ப்பாண நகரில் எல்லோருக்கும் தெரிந்த வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவு முன்னோடியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1961ஆம் ஆண்டு மக்கள் வங்கி பிறந்ததும் கூட்டுறவு வங்கியின் வழியில்தான். அந்த வங்கியின் பெயருக்கும் “கேஸ் பொப்புலேர்” என்ற பெயருக்கும் உள்ள ஒற்றுமையைக் கவனியுங்கள்.

கூட்டுறவு கடனோடு நின்றுவிடவுமில்லை. மூளாயில் 1930களில் ஊர் மக்கள் கூடிக் கூட்டுறவு வைத்தியசாலை ஒன்றையே கட்டினார்கள். 1970களின் முற்பகுதியில் மரம் ஏறும் தொழிலாளர் தமது கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் கள்ளை விற்கத் தொடங்கினார்கள். அதுவரை ஏறியவன் ஒருவன், தவறணையைக் குத்தகைக்கு எடுத்து இலாபம் பார்த்தவன் இன்னொருவன். சங்கம் வந்தபின் அந்த இலாபத்தில் ஒரு பகுதி தொழிலாளியின் பெயரில் சேர்ந்தது. அந்த மக்களின் பிள்ளைகள் படிப்பதற்கு அது கைகொடுத்தது. காலங்காலமாக ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு அது வெறும் பண விடயமாக மட்டும் இருக்கவில்லை.

போர் இவற்றில் பலவற்றைச் சிதைத்தது. ஆனால் ஒன்று மட்டும் எங்களோடு விமானம் ஏறி வந்தது. அதுதான் சீட்டு.

சீட்டின் கணக்கு

புதிதாக வந்தவர்களுக்கும் இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குமாக ஒரு கணக்குச் சொல்கிறோம். இருபது பேர் மாதம் 500 டொலர் போட்டால் மாதம் 10,000 டொலர் சேரும். முதல் மாதம் சீட்டைப் பொறுப்பேற்று நடத்துபவருக்குத் தாய்ச்சீட்டு. அடுத்த மாதம் தொடக்கம் தேவைப்பட்டவர் கழிவு கூறி எடுப்பார். 2,000 கழித்து எடுத்தால் அவர் கையில் 8,000 வரும். அந்த 2,000 மற்றவர்களுக்குப் பகிரப்படும். கடைசி வரை பொறுத்திருந்தவர் போட்டதைவிடக் கூடுதலாகப் பெறுவார். அந்த 2,000 தான் அவசரத்தின் விலை. அதை நாம் வட்டி என்று சொல்வதில்லை. ஆனால் அது வட்டிதான்.

சீட்டு கெட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். இந்த நகரத்தில் எத்தனையோ குடும்பங்களின் முதல் கார், முதல் கடை, வீட்டுக்கான முற்பணம் எல்லாம் சீட்டுக் காசு. ஊரில் ஈடு வைத்த காணியை மீட்டதும் சீட்டுக் காசு. எங்களுடன் வேலை செய்யும் ஹெயிட்டி நாட்டுப் பெண்கள் இதையே “சோல்” என்று நடத்துகிறார்கள். ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்கள் “தொந்தீன்” என்கிறார்கள். பத்திரம் கேட்காமல், பிரெஞ்சு கேட்காமல், வேலைக் கடிதம் கேட்காமல் காசு கிடைக்கும் இடம் அது. மாதா மாதம் கட்டியே தீர வேண்டும் என்பதால் சேமிக்கத் தெரியாதவனையும் அது சேமிக்க வைக்கிறது.

ஆனால் அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எழுத்து இல்லை. ஒருவர் முன்னதாக எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்டால், பொறுப்பாளர் கைக்காசு போட வேண்டும். அவரால் முடியாவிட்டால் இருபது வீடுகளில் அழுகுரல் கேட்கும். சீட்டு முறிந்து, சம்பந்திகள் கதைப்பேச்சு இல்லாமல் போனதையும், ஒரே கோயிலுக்கு வந்து முகம் திருப்பிக்கொண்டு போவதையும் நாம் பார்த்திருக்கிறோம். கியூபெக்கில் வங்கியிலோ கேஸிலோ போட்ட காசுக்கு, அந்த நிறுவனம் விழுந்தாலும் ஒரு இலட்சம் டொலர் வரை அரசு சார்ந்த காப்புறுதி உண்டு. சீட்டுக் காசுக்கு ஒரு சதத்துக்கும் காப்புறுதி இல்லை.

உதவியாக வந்து சுருக்காக மாறிய கடன்

சிறு கடன், அதாவது இப்போது நுண்கடன் என்று சொல்லப்படுவது, உலகப் புகழ் பெற்றது வங்காளதேசத்தில். 1976ஆம் ஆண்டு பேராசிரியர் முகமது யூனுஸ், சிற்றகொங் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள ஜோப்ரா என்ற கிராமத்தில் 42 பேருக்குத் தம் கையிலிருந்து 27 டொலர் கடன் கொடுத்தார். மொத்தமே 27 டொலர். அவ்வளவு சிறு தொகை இல்லாததால் மூங்கில் கதிரை பின்னும் பெண்கள் வியாபாரிக்கு அடிமை போல உழைத்தார்கள். அந்த முயற்சி 1983இல் கிராமின் வங்கியாக மாறியது. ஐந்து பேர் கொண்ட குழு, கிழமை தோறும் கூட்டம், சிறு சிறு தவணை என்பது அதன் முறை. பங்குகளில் பெரும்பகுதி கடன் வாங்கும் பெண்களுடையது. 2006இல் யூனுஸுக்கும் வங்கிக்கும் சேர்த்து சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் வேறொரு வழியில் போயின. அங்கே பெண்கள் முதலில் தாமே சிறு தொகை சேமித்து, தமக்குள் கடன் கொடுத்துப் பழகி, பிறகுதான் வங்கியிடம் போனார்கள். சேமிப்பு முன், கடன் பின்.

பிறகு வந்தவர்கள் இந்த முறையின் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குழு இருந்தது, கிழமைத் தவணை இருந்தது. ஆனால் கம்பனி வேறொருவருடையது, இலாபமும் அவர்களுடையது. இந்தியாவின் ஆந்திர மாநிலத்தில் கடன் தாங்க முடியாமல் பலர் உயிரை மாய்த்துக்கொண்டதைத் தொடர்ந்து, 2010இல் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்து இந்தக் கம்பனிகளைக் கட்டுப்படுத்தியது.

எங்கள் மண்ணிலும் அதுவே நடந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு கடன் கம்பனிகள் வன்னிக்கும் கிழக்குக்கும் படையெடுத்தன. கணவனை இழந்த பெண்கள், வீடும் தொழிலும் இழந்த குடும்பங்கள். அவர்களிடம் சேமிப்பும் இல்லை, நிலையான வருமானமும் இல்லை. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது. கிழமைக்குக் கிழமை வசூலிக்க வருபவருக்குப் பயந்து பெண்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒளித்திருந்தார்கள். 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர், வருட வட்டி 220 சதவீதம் வரை போனதை எடுத்துக் காட்டினார். அதே ஆண்டில் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. ஆண்டு முடிவில் மத்திய வங்கி 35 சதவீத உச்சவரம்பு வைத்தது. துன்பம் வடக்குக் கிழக்கோடு நிற்கவில்லை. 2021 மார்ச் மாதம் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்களும் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

ஆராய்ச்சியாளரும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தியா, மொங்கோலியா, மொரோக்கோ, மெக்சிக்கோ, எதியோப்பியா, பொஸ்னியா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. சிலருடைய சிறு தொழில் வளர்ந்தது உண்மை. ஆனால் சராசரிக் குடும்பத்தின் வருமானம் பெரிதாக உயரவில்லை என்பதே முடிவு. கடன் ஒரு கருவி. மண்வெட்டி கொடுத்தால் மட்டும் தோட்டம் விளையாது. தண்ணீரும் வேண்டும், சந்தையும் வேண்டும், பக்கத்தில் நின்று கைகொடுக்க ஆளும் வேண்டும்.

மொன்றியல் ஏழைகள் செய்து காட்டியது

பக்கத்தில் நின்று கைகொடுப்பது என்பதைத்தான் சமூக அபிவிருத்தி என்ற பெரிய பெயரால் சொல்கிறார்கள். அதற்கு இந்த நகரிலேயே நல்ல உதாரணம் உண்டு.

நகரின் தென்மேற்கில் லஷீன் கால்வாய் ஓரமாகப் புவான்ற் சென் சார்ள் என்றொரு பகுதி. ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் நிறைந்த இடம். கால்வாய் 1970இல் கப்பல்களுக்கு மூடப்பட்டது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. அதற்கு முன்பே, 1968இல், வைத்தியர் வர மறுத்த அந்த ஏழைப் பகுதியில் மக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு வைத்திய நிலையத்தைத் தொடங்கினார்கள். வெகு விரைவில் அப்பகுதி மக்களே அதன் நிருவாகத்தைக் கையில் எடுத்தார்கள். 1970களில் கியூபெக் அரசு அதை முன்மாதிரிகளில் ஒன்றாகக் கொண்டுதான் மாகாணம் முழுவதும் சி.எல்.எஸ்.சி. நிலையங்களை அமைத்தது. இன்று பிள்ளைக்குத் தடுப்பூசி போட நாம் போகும் அந்தச் சி.எல்.எஸ்.சி. வேலையற்ற ஏழைகளின் தெருவில் முளைத்த ஒரு யோசனை. மூளாய் வைத்தியசாலையை அறிந்த எமக்கு அது அந்நியமான கதை அல்ல.

அதே மக்கள் 1984ஆம் ஆண்டு தமது பகுதியில் வேலைவாய்ப்பை உருவாக்கத் தாமே ஒரு பொருளாதார அமைப்பையும் தொடங்கினார்கள். பிள்ளைகளைப் பராமரிக்கும் சி.பி.ஈ. நிலையங்களும் இப்படியே. பெற்றோர் கூடி நடத்திய சிறு காப்பகங்களே 1997இல் நாளுக்கு 5 டொலர் கட்டணத்துடன் மாகாணத் திட்டமாயின. இன்றும் அவற்றின் நிருவாக சபையில் பெற்றோர்தான் பெரும்பான்மை. பிள்ளையை விட இடம் கிடைத்தால் தாய் வேலைக்குப் போகலாம், மொழி படிக்கலாம். ஒரு குடும்பத்தை வறுமையிலிருந்து எழுப்ப அது பல கடன்களைவிடப் பெரிய உதவி.

கடனுக்கும் இந்த வழியில் ஒரு இடம் உண்டு. 1990 அளவில் மொன்றியலில் சமூகக் கடன் சங்கம் ஒன்று இயங்கத் தொடங்கியது. கனடாவில் இத்தகைய முதலாவது நிதி என்று அதைச் சொல்வார்கள். இப்போது அதன் பெயர் மைக்ரோகிரெடி மொன்றியல். வங்கி கடன் கொடுக்க மறுக்கும் புதுக் குடியேறியவர்களுக்கும் குறைந்த வருமானக்காரருக்கும் சிறு தொழில் தொடங்க அது கடன் கொடுக்கிறது. வெளிநாட்டில் படித்த படிப்பை இங்கே அங்கீகரிக்கச் செய்வதற்கான பரீட்சை, பயிற்சிச் செலவுகளுக்கும் கடன் உண்டு. ஊரில் தாதியாகவோ கணக்காளராகவோ இருந்துவிட்டு இங்கே இயந்திரத்தின் முன் நிற்பவர்கள் எம்மிடையே பலர். அவர்கள் அந்தக் கதவை ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். காசைக் கையில் தந்துவிட்டுப் போய்விடாமல், திட்டம் போடவும் கணக்கு எழுதவும் கூட இருந்து உதவுவதுதான் அவர்களுடைய முறை.

கடனில் ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு “ஆசெஃப்” எனப்படும் குடும்பப் பொருளாதாரக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. 1960களிலிருந்து கியூபெக்கில் இயங்கும் இவை, வரவு செலவைப் பார்த்து ஆலோசனை சொல்கின்றன. வீட்டுக் கடன் கதையை ஊராருக்குச் சொல்ல வெட்கப்படுபவர்கள் அங்கே இரகசியமாகப் பேசலாம்.

நாம் செய்யக்கூடியவை

தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, கணக்கு. கனடாவில் வேலை இல்லாவிட்டாலும், போடுவதற்குக் காசு இல்லாவிட்டாலும், உரிய அடையாளப் பத்திரத்தைக் காட்டினால் வங்கி உங்களுக்குக் கணக்குத் திறக்க வேண்டும். அது உங்களுடைய உரிமை. கணவன் பெயரில் மட்டும் திறக்காதீர்கள். மனைவியின் பெயரிலும் ஒன்று இருக்கட்டும். டொரிமேன் கணக்குப் பார்த்ததை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, வட்டியைக் கணக்குப் பார்க்கப் பழகுவோம். ஒருவர் 1,200 டொலர் தருகிறார். “இருபது வீதம்தான் வட்டி, மாதம் 120 படி பன்னிரண்டு மாதம் கட்டு” என்கிறார். மொத்தம் 1,440. கேட்பதற்கு இருபது வீதம் போலத் தெரியும். ஆனால் நீங்கள் மாதா மாதம் முதலைத் திருப்பிக்கொண்டு வருகிறீர்கள். கடைசி மாதங்களில் உங்கள் கையில் அந்த 1,200 இல்லை. ஆனாலும் முழுத்தொகைக்கும் வட்டி கட்டுகிறீர்கள். சரியாகக் கணக்கிட்டால் அது வருடத்துக்கு 35 வீதம் அளவில் வரும். 2025 ஜனவரி 1ஆம் திகதி முதல் கனடாவில் பொதுவாக 35 வீதத்துக்கு மேற்பட்ட வருட வட்டி குற்றவியல் சட்டத்தின்படி குற்றம். அதற்கு முன் அந்த எல்லை கணக்கிடும் முறைப்படி 60 வீதமாக இருந்தது. எம்மவர் என்பதற்காக எமக்குள் வேறு சட்டம் கிடையாது.

மூன்றாவது, சீட்டுப் போடுபவர்கள் எழுத்தில் போடுங்கள். யார் யார் பங்குக்காரர், எந்தத் திகதியில் கட்டுவது, எடுத்தவர் கட்டாவிட்டால் யார் பொறுப்பு என்பதை ஒரு கொப்பியில் எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கள். கட்டிய ஒவ்வொரு தடவையும் துண்டு வாங்குங்கள். “என்னை நம்பவில்லையா?” என்று கேட்பவரிடம், நாணய சங்கத்திலும் பேரேடு இருந்தது என்று சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்த பெருந்தொகைச் சீட்டில் தலையைக் கொடுக்காதீர்கள். ஒரு சீட்டைக் கட்ட இன்னொரு சீட்டை எடுப்பவர் வன்னியில் மூன்றாவது கடன் எடுத்த சகோதரியின் நிலையில்தான் நிற்கிறார்.

நான்காவது, சேமிப்பை முன்வைப்போம். பத்துக் குடும்பங்கள் கிழமைக்கு 5 டொலர் படி ஒதுக்கினால் வருடத்துக்கு 2,600 டொலர். அதைச் சங்கத்தின் பெயரில், இரண்டு மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கக்கூடிய கணக்கில் வைக்கலாம். மரணச் சடங்கு, திடீர் வேலையிழப்பு, புதிதாக வந்திறங்கும் ஒரு குடும்பத்தின் முதல் மாத வாடகை போன்றவற்றுக்கு வட்டியில்லாமல் கொடுத்து, திரும்ப வந்ததும் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் எமக்கு நிறைய இருக்கின்றன. ஆண்டு விழாவுக்கு மண்டபம் எடுக்கவும், ஊர்க் கோயிலுக்குக் கோபுரம் கட்டவும் காசு சேர்க்க எம்மால் முடிகிறது. அந்தத் திறமையில் கால்வாசியை இதற்குக் கொடுத்தால் போதும்.

ஐந்தாவது, ஊருக்கு அனுப்பும் காசைப் பற்றி. கம்பனிக் கடனில் சிக்கிய உறவுக்கு அந்த மாதத் தவணையை மட்டும் கட்டிவிட்டுக் கைகழுவாமல், கிராமத்துச் சிக்கன கடனுதவிச் சங்கத்தில் அவர்களை உறுப்பினராகச் சேரச் சொல்லுங்கள். அங்கே காசு கிராமத்துக்குள் நிற்கும். வட்டியும் அவர்களுக்குள்ளேயே திரும்பி வரும்.

1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்களில் பலர் இந்த நகரத்துக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். அன்று வந்தவர்களுக்கு வழிகாட்ட முன்னே வந்தவர்கள் மிகச் சிலர். இன்று வருபவர்களுக்கு நாம் இருக்கிறோம். கேட்டவுடன் கடன் கொடுக்க எம்மில் பலருக்கு வசதியில்லை. ஆனால் கணக்குத் திறக்கக் கூடப் போகலாம். ஒரு பத்திரத்தை வாசித்துச் சொல்லலாம். வட்டியைக் கணக்கிட்டுக் காட்டலாம். பத்துப் பேர் கூடி ஒரு காசுப் பெட்டியைத் தொடங்கலாம்.

லெவியில் முதல் நாள் பத்துச் சதம் போட்டவருக்கு அதைவிடக் கூடுதலாகப் போட வசதி இருந்திருக்காது. இருந்தாலும் அதைத் தன் பெயரில், தன் ஊராரின் பேரேட்டில் எழுதிப் போட்டார். எங்கள் கைகளிலும் பத்துச் சதம் இருக்கிறது. பேரேடு ஒன்றைத் திறப்போமா?